தலைமையாசிரியர் நலமும் குடும்ப நலமே
(பொம்மிடியில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி பற்றித்தான் பேசுவார்கள் என்று எண்ணியிருப்பீர்கள். இன்றைக்கு வேறொன்று சொல்ல வந்திருக்கிறேன். உங்களில் சிலர் வீட்டில் கணவரோ மனைவியோ பள்ளித் தலைமையாசிரியராக இருக்கலாம். மற்றவர்களுக்கு அவர் பிள்ளைகளின் வாத்தியார். ஆகவே இது எல்லோருக்கும் பொதுவான விஷயம்.

நம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, ஐம்பது பிள்ளைகள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தலைமையாசிரியர் என்று தனியாக ஒருவர். ஆகவே சின்னப் பள்ளியில் அந்த இருவரில் ஒருவரே பாடமும் நடத்த வேண்டும், பள்ளியையும் நடத்த வேண்டும். வருகைப் பதிவு, எமிஸ் பதிவு, காலை உணவு, மதிய உணவு, ஒழுகும் கூரை, தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும்.

அந்த வேலையில் இருப்பவர் ஒரு பெண் என்று வையுங்கள். விடியுமுன் எழுந்து வீட்டுக்குச் சமைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து ஓடுகிறார். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கவனித்துப் பதிவு செய்கிறார். அவர் மட்டும் பட்டினி! மாலையில் கணவர், "ஏம்மா, மத்தியானமாவது சாப்பிட்டியா?" என்கிறார். "நேரம் ஏதுங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனை எடுத்து உட்காருகிறார்.

இப்படி நாள் போனால் தூக்கம் கெடும், தலை வலிக்கும், எரிச்சல் வரும். இரத்தக் கொதிப்போ சத்தமில்லாமல் ஏறும். பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. வீட்டில் பிள்ளையிடம் கோபம், பள்ளியில் பிள்ளைகளிடம் கோபம். ஒருவர் ஓய்ந்தால் இரண்டு இடமும் ஆட்டம் கண்டுவிடும்.

என்ன செய்யலாம்?

தலைமையாசிரியராக இருப்பவர்களுக்கு: காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைக்காதீர்கள். காலையில் ஒரு தாளில் இன்றைக்கே முடிய வேண்டிய மூன்று வேலையை எழுதுங்கள். மற்றதை அதன் நாளுக்கு விடுங்கள். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக வரும் என்ற எண்ணம் வேண்டாம். உடன் இருக்கும் ஆசிரியரிடம் சிலவற்றை ஒப்படையுங்கள். இராத்திரி எட்டு மணிக்கு மேல், அவசரம் தவிர, போனை எட்ட வைத்துவிட்டு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

கணவர்மார்களுக்கு: மனைவி பள்ளியில் தலைமை ஏற்றிருந்தால், வீட்டில் பாதி வேலை உங்களுடையது. அடுப்பில் உலை வைப்பதோ, பிள்ளையைக் குளிப்பாட்டுவதோ கௌரவக் குறைச்சல் அல்ல. மனைவிமார்களுக்கு: கணவர் அந்த வேலையில் இருந்தால், வந்ததும் வீட்டுக் குறைகளை அடுக்காமல், கொஞ்சம் ஆற விட்டுப் பேசுங்கள்.

பெற்றோர்களுக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். குடிநீர், சுற்றுச்சுவர், கழிப்பறை இவற்றுக்கு மனு எழுதவும் அலையவும் நீங்கள் முன்வந்தால் வாத்தியார் வகுப்பில் நிற்பார். லாபம் உங்கள் பிள்ளைக்குத்தான்.

முப்பது வயதானவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அளவு 140-க்கு 90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மறுபடியும் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி நடங்கள். தூக்கமின்மையும் மனச் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஏரைப் பூட்டும் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்டிவிட்டுத்தானே பூட்டுகிறோம்? ஊர்ப் பிள்ளைகளைச் சுமப்பவரையும் அப்படிக் கவனிப்போம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒருவரை ஒருவர், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.