தரங்கெட்ட கஞ்சா: பெயர்களும் அடையாளங்களும்

(தமிழ்ப் பெற்றாருக்கான தகவல் அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தமிழ்க் குடும்பங்களின் மூத்த பெண்கள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்கள். தேயிலையில் தூசு எவ்வளவு, மிளகாய்த்தூளில் நிறம் ஏற்றப்பட்டிருக்கிறதா, அரிசி பழையதா புதியதா என்பதெல்லாம் அவர்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பாது. அதே கண்கள், மகனின் குளிர்ச்சட்டைப் பையிலிருந்து விழுந்த ஒரு சிறிய பொலித்தீன் பொதியின் முன் திகைத்து நிற்கின்றன. உள்ளே இருப்பது கஞ்சா என்று தெரிகிறது. எத்தகைய கஞ்சா, எங்கிருந்து வந்தது, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பவை தெரிவதில்லை. பிள்ளையின் தொலைபேசியில் அதைப்பற்றி எழுதப்பட்டிருக்கும் சொற்களோ ஆங்கிலமும் அல்ல, பிரெஞ்சும் அல்ல. அச்சொற்களின் பொருளும் அப்பொதியின் இயல்புமே இவ்வுரையின் பொருள்.

முதலில் சட்டத்தின் நிலை. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி முதல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. அன்றே கியூபெக் அரசின் கஞ்சா விற்பனை நிறுவனமான எஸ்.கியூ.டி.சி. தன் முதற் கடைகளைத் திறந்தது. தொடக்கத்தில் 18 வயதாக இருந்த எல்லை 2020 ஜனவரி 1 முதல் 21 வயதாக உயர்த்தப்பட்டது. வீட்டில் செடி வளர்ப்பதும் இம்மாகாணத்தில் தடை. அத்தடை செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

இதன் விளைவு ஒன்றைப் பெற்றார் கவனித்தல் வேண்டும். கியூபெக்கில் 19 வயது இளைஞர் வாக்களிக்கலாம், மதுக்கடைக்குள் சென்று சாராயம் வாங்கலாம். ஆனால் எஸ்.கியூ.டி.சி.யின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டியதும் திருப்பி அனுப்பப்படுவார். வளரும் மூளையைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆயினும் அவ்வயதில் கஞ்சாவை நாடிவிட்டவருக்கு எஞ்சியிருப்பது, பெயரும் முகவரியும் அற்ற விற்பனையாளர் ஒருவரே. கோட்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்சனிலும் வாழும் தமிழ் வீடுகளில் கண்டெடுக்கப்படும் பொதி 20 வயதுக்கு உட்பட்ட ஒருவருடையதாயின், அது சட்டபூர்வமான கடையில் அவர் வாங்கியதாக இருக்க முடியாது. தரம் பற்றிய பேச்சு தேவைப்படுவது இதனாலேதான்.

இனிச் சொற்கள். வட அமெரிக்க இளையோர் பேச்சில் மட்டமான கஞ்சாவுக்கு வழங்கும் பழைய பெயர் ‘ஸ்வாக்’. காய்ந்த, பழுப்பேறிய, விதையும் காம்பும் மலிந்த சரக்கு என்பது அதன் கருத்து. ‘ரெஜி’ என்பது வழமையானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். மரியாதையான சொல்போல் ஒலித்தாலும் குறிப்பது சாதாரணச் சரக்கையே. ‘பிரிக்’ என்றால் செங்கல். கடத்துவதற்கு வசதியாகக் கட்டியாக அழுத்தப்பட்ட கஞ்சாவுக்கு அப்பெயர். ‘டேர்ட்’ என்றால் மண். ‘ஷேக்’ என்பது பூக்களிலிருந்து உதிர்ந்து பையின் அடியில் தங்கும் தூள். தேயிலைத் தூசு எப்படியோ அப்படி.

இவற்றுள் ‘டிச் வீட்’, அதாவது வாய்க்கால் களை, தனி வரலாறு உடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கயிற்றுக்கும் கித்தானுக்கும் நார் தேவைப்பட்டபோது அமெரிக்க அரசு உழவர்களைச் சணற்கஞ்சா பயிரிடத் தூண்டியது. 1942இல் அதற்கெனப் பிரசாரத் திரைப்படம் ஒன்றையும் வெளியிட்டது. போர் முடிந்தபின் அச்செடிகளின் சந்ததி வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைத்தது. போதைப்பொருள் ஏறக்குறைய இல்லாத அக்களையின் பெயரே பின்னர் மட்டமான சரக்குக்கு வசையாயிற்று.

‘மிட்ஸ்’ என்பது நடுத்தரத்தைக் குறிக்கும். முன்னர் பரவாயில்லை என்ற அளவில் இருந்த இச்சொல், சந்தைக்கு வரும் கஞ்சாவின் வீரியம் கூடக்கூடத் தாழ்ந்து இழிசொல்லாகிவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய பிள்ளைகள் திரைப்படத்தையும் பள்ளி மதிய உணவையும் ‘மிட்’ என்கிறார்கள். சுமாரானது என்பதற்கு மேல் அதில் எப்பொருளும் இல்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் பிள்ளையின் புத்தகப் பையைக் கொட்டிச் சோதிக்கும் தந்தை தன் மானத்தையே இழப்பார். கியூபெக் பிரெஞ்சில் கஞ்சாப் பூவைக் ‘கொகொட்’ என்பதும் அவ்வாறே. பைன் மரத்தின் காய்க்கும் அதுவே பெயர்.

பெயரை வைத்துத் தரத்தை அறிய முடியாது என்பதற்குத் தாயகத்திலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணக் கரையிலும் மன்னார்க் கரையிலும் பிடிபடும் பொதிகளைப் பத்திரிகைகள் ‘கேரள கஞ்சா’ என்றே எழுதுகின்றன. ஆனால் இராமேஸ்வரம் பக்கமாகக் கடல் கடக்கும் அச்சரக்கிற் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. இடுக்கி மலைச் சரக்குக்கு ஒருகாலத்தில் இருந்த புகழால் கேரளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. மொன்றியலில் விற்பனையாளர் சொல்லும் கவர்ச்சியான பெயர்களும் இத்தகையனவே. எந்தப் பையிலும் எந்தப் பெயரையும் எழுதலாம்.

கஞ்சாவைத் தரம் பிரிப்பது நேற்றுத் தொடங்கிய வழக்கமும் அன்று. 1893இல் பிரித்தானிய இந்திய அரசு நியமித்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, வங்காளத்தின் நவகாம் பகுதியில் விளைந்த சரக்கை மூவகையாகப் பதிவு செய்திருக்கிறது. மிதித்துத் தட்டையாக்கியது ஒன்று, உருட்டியது மற்றொன்று, காம்பு நீக்கிய உதிரியான ‘சூர்’ மூன்றாவது. காம்பின் அளவைப் பொறுத்து வரியும் வேறுபட்டது. அவ்வயல்களில் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தனர். வெள்ளையர் அவர்களைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று அழைத்தனர். ஆண் செடி அருகில் நின்றால் மகரந்தம் பட்டுப் பெண் பூ விதை பிடிக்கும். விதை பிடித்தால் செடியின் சக்தி பிசினில் சேராமல் விதைக்குப் போய்விடும். இன்று ஒரு பொதியில் விதை கிடந்தால் அது மட்டமானது என்று இளையோர் கூறுவதன் காரணம் இதுவே.

எனவே கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படும் அடையாளங்கள் சில உள்ளன. பழுப்பு அல்லது வைக்கோல் மஞ்சள் நிறம் பழமையைக் காட்டும். புல் உலர்ந்த வாடை, அவசரமாக உலர்த்தியதைக் காட்டும். மூத்திரத்தைப்போல நெடியடித்தால் ஈரத்தோடு அடைத்துவைக்கப்பட்டுக் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். எல்லாவற்றிலும் கவனத்திற்குரியது பூஞ்சணம். நல்ல பூவின் மேல் சர்க்கரை தூவியதுபோல் மினுங்கும் நுண்ணிய பிசின் மணிகள் இருக்கும். பூஞ்சணமோ மினுங்காது. பழைய பாணில் படர்வதுபோல் சாம்பலும் வெண்மையுமான பஞ்சாகப் படரும், நிலவறையின் ஈரவாடை வீசும். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலுக்கு அப்புகை பேராபத்து.

ஆனால் இவ்வடையாளங்களுக்கு ஓர் எல்லை உண்டு. கெட்டதைக் கண் காட்டிக்கொடுக்கலாம். நல்லது என்று கண்ணால் உறுதி கூற முடியாது. 2007இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவமனைகளுக்கு வயிற்றுவலியும் இரத்தச்சோகையுமாக 29 பேர் வந்தனர். பெரும்பாலோர் இளையோர். அவர்கள் யாவரும் ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டிருந்தனர். எடையைக் கூட்டுவதற்காக அவர்கள் புகைத்த கஞ்சாவில் ஈயத்துகள் கலக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் பிரித்தானியாவில் நுண்ணிய கண்ணாடி மணிகள் ஒட்டிய கஞ்சா பற்றிச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது. அம்மணிகள் பிசினைப் போலவே மினுங்கின என்பதுதான் கொடுமை. மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயச் சாயம் சேர்ப்பார் உண்டு என்பதை அறிந்த தாய்மாருக்கு இது புதுமையாக இராது. பூச்சிகொல்லி எச்சத்தையும் எவரும் முகர்ந்து கண்டுபிடித்ததில்லை.

இன்னொரு மயக்கமும் நீங்க வேண்டும். இளையோர் ‘நல்ல சரக்கு’ என்பது தூய்மையை அன்று, வீரியத்தையே. டி.எச்.சி. என்னும் போதைப்பொருள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு அது மேலானதாக மதிக்கப்படுகிறது. மூளை முதிராத வயதில் அடிக்கடி அத்தகைய கஞ்சாவைப் புகைப்போருக்கு மனப்பிறழ்வு நோய் ஏற்படும் அபாயம் கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்நோய் இருந்தால் இன்னும் கூடும். ஆகவே பூஞ்சணம் இல்லை, விதை இல்லை என்று கண்டு பெற்றார் நிம்மதி அடைவதற்கு இடமில்லை.

சட்டபூர்வமான பொதியை அறிவது எளிது. சிறுவர் திறக்க முடியாத மூடி, கனடிய அரசின் கலால் முத்திரை, சிவப்பு எண்கோணத்துள் இலையும் டி.எச்.சி. என்ற எழுத்துகளும் கொண்ட சின்னம், மஞ்சள் நிறக் கட்டத்தில் சுகாதார எச்சரிக்கை, உற்பத்தியாளர் பெயர், தொகுதி எண், பொதி செய்த திகதி ஆகியவை அதில் இருக்கும். எஸ்.கியூ.டி.சி. விற்கும் பொருளில் டி.எச்.சி. 30 வீதத்தைத் தாண்டக்கூடாது. இனிப்பு, சொக்கலேற் வடிவிலான கஞ்சாவை அந்நிறுவனம் விற்பதே இல்லை. ஆகையால் பிரபல மிட்டாய் உறையைப் போன்ற உறையில், பல நூறு மில்லிகிராம் டி.எச்.சி. என்று அச்சிட்ட பொருள் வீட்டில் காணப்பட்டால் அது கள்ளச் சந்தையினது என்பதில் ஐயமில்லை. கனடிய சட்டம் உண்பொருள் பொதி ஒன்றுக்கு 10 மில்லிகிராமை மட்டுமே அனுமதிக்கிறது. பொட்டலத்துப் பூவைக் குழந்தை தொடாது, மிட்டாயைத் தின்றுவிடும். தரங்கெட்ட பூவைவிட இந்த மிட்டாய்க்கே தமிழ் வீடுகள் அதிகம் அஞ்ச வேண்டும்.

குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். போதையில் வாகனம் செலுத்துதல் 2018 டிசம்பர் முதல் குடிவரவுச் சட்டத்தின்கீழ் பாரதூரமான குற்றமாகக் கருதப்படுகிறது. அதனால் வதிவுரிமையே பறிபோகலாம். 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குக் கஞ்சா கொடுத்தாலும், அதை எல்லை கடந்து கொண்டுசென்றாலும் 14 ஆண்டுவரை சிறை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கொழும்புக்கோ சென்னைக்கோ புறப்படும் குடும்பங்கள் பெட்டியை அடுக்கும்போது பிள்ளைகளின் சட்டைப் பைகளையும் ஒருமுறை கேட்டறிதல் நன்று. இங்கே கடையில் வாங்கியது என்ற விளக்கம் அங்கே செல்லாது.

பொதியைக் கண்டெடுத்த இரவில் கூச்சலிடுவதால் கிடைக்கும் பயன், பிள்ளை அடுத்த பொதியை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பது மட்டுமே. எங்கே வாங்கினாய், அதில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா, புகைத்தபின் உடம்புக்கு ஏதேனும் செய்ததா என்ற மூன்று கேள்விகளோடு மறுநாட் காலையில் பேசத் தொடங்கலாம். அவற்றுள் இரண்டாவதற்குப் பெரும்பாலும் விடை இராது.

குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால் கியூபெக் நஞ்சுத் தகவல் நிலையத்தை 1 800 463 5060 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் 911. மிகையான போதையால் ஆபத்தில் இருப்பவருக்காக 911ஐ அழைப்பவர் மீது, தம் கையில் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடரப்படாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. உடல்நலம் குறித்தும் குடும்பச் சிக்கல் குறித்தும் ஆலோசனை பெற 811. போதைப்பொருட் பாவனை பற்றிப் பெயர் கூறாமல் பேசுவதற்கு 514 527 2626. பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாக வராதவர்கள், தம் பகுதிச் சமூகச் சுகாதார நிலையத்தில் சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வைக்கலாம். அவ்வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைக்காதிருப்பது நல்லது.