தாத்தாவின் மணியார்டர் ரசீதுகள்



"வெளிநாட்டு அனுபவம் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்றார் நம் சங்கச் செயலாளர். என் அனுபவத்தில் என்ன இருக்கிறது? விமானம் ஏறினேன், இறங்கினேன், அவ்வளவுதான். ஆகவே என் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் சீமைக்காரர். பதினாறு வயதில் ரங்கூன் போனார். மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் எடுபிடி வேலை. கூடவே எங்கள் ஊர்ப் பையன் ஒருவன். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போயிற்று. அதற்குள் இலட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்ப நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இவர்கள் இருவரும் புரோம் வந்து, ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைப்பாதையில் நடந்தார்கள். வழியெல்லாம் காலரா. தண்ணீர்ப் பஞ்சம். மலையிலேயே நண்பன் விழுந்துவிட்டான்.

தாத்தா மட்டும் ஊர் வந்து சேர்ந்தார். நண்பனின் தாயாரிடம், "ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாங்க ஆத்தா, கஷ்டப்படாமப் போனான்" என்று சொல்லிவிட்டார்.

1950-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். மளிகைக் கடையில் கணக்கெழுதும் வேலை. அந்த அம்மாள் 1971-இல் கண்மூடும்வரை மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பினார். பாட்டி கேட்டால், "பழைய கடன்" என்பார்.

1984-இல் இந்தக் கல்லூரியை முடித்து நான் மஸ்கட் புறப்பட்டபோது, முதல்நாள் இரவு தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து அந்த ரசீதுக் கட்டைக் காட்டினார்.

"குவளையில தண்ணி இருந்துச்சுப்பா. அவன் கேட்டான். பாதி குடுத்தேன். மீதிய எனக்குன்னு வச்சுக்கிட்டேன். முழுசாக் குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டான்தான். ஆனா நான் குடுக்கலையே."

"இத ஏன் தாத்தா இப்பச் சொல்றீங்க?"

"நீயும் சம்பாதிச்சு ஊருக்கு அனுப்பப் போற. பணம் அனுப்புறவன ஊரு பெரிய மனுசம்பாங்க. அத நீ நம்பிறாத."

இம்மலரில் நன்கொடையாளர் பட்டியலில் என் பெயருக்கு நேரே தொகையைப் போட வேண்டாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று வருத்தப்பட்டார். காரணம் இதுதான்.