பெயரை வெட்டாத பெரிய டீச்சர்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டார். நான் அதிபர் பதவியைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். நம் அதிபர் அடுத்த ஆண்டு அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார். அந்தக் கதிரையில் யாரை உட்கார வைக்கலாம், அதற்கு எந்த அரசியல்வாதியைப் போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சு இப்போதே நமக்குள் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு பழைய கதை. 1993இல் நான் எட்டாம் ஆண்டு படித்தேன். அப்பா இறந்து இரண்டு மாதம். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு என்னை அனுப்புவதாக ஏற்பாடு. பதினொரு நாள் பாடசாலைக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள், அம்மா மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்தபோது, எங்கள் இஸ்தோப்பில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். குடை நனைந்திருந்தது. மடியில் வகுப்பு இடாப்பு.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "புள்ள பேர வெட்டிட்டீங்களா டீச்சரம்மா?"

"இன்னும் வெட்டல. வெட்டவா வேண்டாமான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது, கொப்பிக்குத் தாம் பொறுப்பு என்றார். அம்மா வெகுநேரம் பேசவில்லை. திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்தேன்.

நெடுங்காலம் இதை அவருடைய நல்ல மனம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கட்டாய வரவுக்கு ஒழுங்குவிதி செய்ய 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆனால் 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997 நவம்பரில்தான் வர்த்தமானியில் வந்தது. 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயது 16 ஆக உயர்ந்தது. அதாவது, 1993இல் எந்த ஒழுங்குவிதியும் பெரிய டீச்சரை எங்கள் லயத்துக்கு அனுப்பவில்லை. அன்று அவர் மனம் சொல்லிச் செய்ததை இன்று சட்டம் கேட்கிறது. வராத பிள்ளைகளைத் தேடிப் போக வரவுக் குழுக்கள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை வரவில்லை என்ற செய்தி அதிபரின் இடாப்பிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

அதிபர் யாருடைய ஊழியர் என்பதற்கும் நம் மலையகத்தில் ஒரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பைத் துரையிடம் கொடுத்தது. வாத்தியாருக்குச் சம்பளமும் அங்கிருந்துதான். துரையின் முகம் கோணாமல் நடப்பதே அவருடைய முதல் கடமை. மிஷன் பாடசாலைகளில் முகாமையாளர் வைத்தவர்தான் தலைமையாசிரியர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. தோட்டப் பாடசாலைகளோ 1977க்குப் பிறகே கட்டம் கட்டமாக அரசிடம் வந்தன. ஒரு தனி மனிதரின் தயவில் இருந்த பதவி அரச சேவை ஆனதற்கு இத்தனை காலம் பிடித்தது. அதைத் திரும்பவும் இன்னொரு பெரிய மனிதரின் தயவுக்குக் கொண்டுபோகலாமா?

இன்று அதிபர்களுக்கென்று இலங்கை அதிபர் சேவை இருக்கிறது. 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்த சேவைப் பிரமாணக் குறிப்பின்படி அதில் மூன்று தரங்கள். மூன்றாம் தரத்துக்கு ஆசிரியர்கள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகப் பரீட்சைக்குப் போய் வர வேண்டும். சேவைக்கு நியமிப்பது அரசாங்க சேவை ஆணைக்குழு. அமைச்சரின் கடிதத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஆனால் நடப்பது வேறு. பரீட்சைக்கும் நியமனத்துக்கும் இடையில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நியமனம் பெற்றவர்களும் குளிரும் மேடும் உள்ள பாடசாலைகளுக்கு வரத் தயங்குகிறார்கள். அதிபரானால் பொறுப்பு ஏறும், சம்பளம் அந்த அளவுக்கு ஏறாது. ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாடு 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை பணிப்புறக்கணிப்பாகவே வெடித்தது நினைவிருக்கும். இந்த வெற்றிடத்தில் ஒரு ஆசிரியரை "கடமை நிறைவேற்று அதிபர்" என்று உட்கார வைக்கிறார்கள். அவர்களில் தங்கமானவர்கள் பலர். ஆனாலும் நிலையான நியமனம் இல்லாதவர், தம்மைவிட மூத்த ஆசிரியரை ஏன் பிந்தி வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பார்? நாளை வேறொருவர் வந்து உட்காரப்போகும் கதிரையிலிருந்து ஐந்தாண்டுத் திட்டத்தை எப்படிப் போடுவார்?

இதை நான் கிளினிக்கில் காண்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கடுமையான இரத்தச்சோகை, கையில் ஆறிய சுட்ட தழும்பு. ஒன்பது மாதம் கொழும்பில் வேலைக்கு இருந்திருக்கிறாள். எந்தப் பாடசாலை என்று கேட்டேன். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஒன்பது மாதத்தில் அங்கே மூன்று பேர் மாறி மாறிப் பதில் அதிபராக இருந்திருக்கிறார்கள். அவள் பெயர் இடாப்பில் சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. யாரும் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. 2021இல் கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது நாம் எல்லோரும் அழுதோம், ஊர்வலம் போனோம். ஆனால் ஒரு பிள்ளையை இழக்கும் முதல் நாள், அவள் வகுப்பில் இல்லாத நாள்தான். அந்த நாளைக் கவனிக்க வேண்டியவர் அதிபர்.

அதிபரின் மற்றக் கடமைகளும் இப்படித்தான், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பிள்ளை நிற்கிறது. ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி 2017 முதல் பாடசாலையிலேயே போடப்படுகிறது. பெற்றோரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவைக்கும் அதிபர் இருக்கும் இடத்தில் எங்கள் வேலை ஒரு காலையில் முடியும். பிரம்பை விலக்கி ஒழுக்கத்தைக் காக்கும்படி சுற்றறிக்கை சொல்கிறது. அது சுவரில் ஒட்டிய தாளாக இருப்பதும் வகுப்பறையின் வழக்கமாவதும் அதிபரைப் பொறுத்தது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

ஆளைத் தேட வேண்டாம். நிலையான, தகுதியுள்ள நியமனத்தைக் கேட்போம். வெற்றிடம் விழும் முன்பே வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்விச் செயலாளருக்கும் சங்கத்தின் பெயரில் எழுதுவோம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெற்றிடம் எப்போது அறிவிக்கப்படும், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அன்பளிப்பை உறையில் போட்டு அதிபர் கையில் கொடுக்காதீர்கள். அவர் தாபன விதிக்கோவைக்கும் கணக்காய்வுக்கும் பதில் சொல்ல வேண்டிய அரச அலுவலர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தச் சங்கத்தின் தலைவரும் அதிபர்தான். உங்கள் பணம் அவரிடமே போய்ச் சேரும், அவர் பெயருக்கும் பழுது வராது.

இன்னொன்று, புதிதாக வருபவர் நம் பழைய மாணவியாக இல்லாமல் இருக்கலாம், வேறு ஊராராக இருக்கலாம். முறையாக வந்தவர் என்றால் அவரை நம்மவராக ஏற்றுக்கொள்வோம். என்னைத் தேடி லயத்துக்கு வந்த பெரிய டீச்சரும் இந்த ஊரைச் சேர்ந்தவர் அல்ல. இடமாற்றம் பெற்று வந்தவர்தான்.

சென்ற மாதம் அலுவலகத்தில் பழைய இடாப்புகளைப் பார்க்க அதிபர் அனுமதித்தார். 1993, எட்டாம் ஆண்டு. என் பெயருக்கு நேரே பதினொரு பூச்சியங்கள். பன்னிரண்டாம் நாளும் பூச்சியம்தான், அன்று இடாப்பு எங்கள் இஸ்தோப்புக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு ஆண்டு முடியும் வரை பூச்சியம் இல்லை.