அழையாத அஞ்சல்

தேர்தல் காலத்தில் ஒருவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று வாக்குக் கேட்கிறார். விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் கதவைச் சாத்தலாம். ஆனால், நொடிப்பொழுதில் பல இலட்சம் வீடுகளுக்குள் நுழையவல்ல மின்னஞ்சல் வந்தபின், பேசுவோர் உரிமைக்கும் கதவைச் சாத்துவோர் உரிமைக்கும் இடையே வழக்கு எழுந்தது. அவ்வழக்கு அமெரிக்க நாட்டில் எவ்வாறு நடந்தது என்பதையே மாணவ மாணவியர்க்கு இன்று கூற விரும்புகிறேன்.

தாளில் எழுதும் கடிதத்திற்கு அஞ்சல் செலவை எழுதுபவரே ஏற்கிறார். மின்னஞ்சலிலோ, சுமையின் பெரும்பகுதி பெறுபவர்மீதும் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள்மீதும் விழுகிறது. ஆதலால், கேளாதவர்க்குக் கூட்டங்கூட்டமாக அஞ்சல் அனுப்பலாகாது என்று இந்நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. முறையீடு வந்தால், அஞ்சலின் தலைப்பில் பதிந்துள்ள எண்முகவரியைக் கொண்டு அனுப்பியவரைக் கண்டறிந்து எச்சரிக்கின்றன. அவர் அடங்காவிடின் இணைப்பைத் துண்டிக்கின்றன. கண்டும் காணாமல் இருந்தால், பிற நிறுவனங்கள் அங்கிருந்து வரும் அஞ்சல் அனைத்தையுமே ஏற்க மறுக்கக்கூடும். ஒருவர் செய்த பிழைக்கு ஊரார் வருந்த நேரும்.

"என் அஞ்சல் வாணிகம் அன்று, அரசியல், எனக்குப் பேச்சுரிமை இல்லையா?" என்று அனுப்பியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2003-இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் வாணிக அஞ்சலையே கட்டுப்படுத்துகிறது. வர்ஜீனியா மாநிலமோ, அனுப்பிய இடத்தைப் பொய்யாகக் காட்டிப் பலர்க்கு விடுக்கும் வேண்டாத அஞ்சலை, வாணிகம், அரசியல், சமயம் என்று பாராமல் தடுத்தது. 2008-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய மூவர் 1787, 1788 ஆம் ஆண்டுகளில் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் எழுதிய அரசியல் கட்டுரைகள் இன்று மின்னஞ்சலில் வெளிவந்திருந்தால், அவையும் குற்றமாகியிருக்கும் என்று அது சுட்டிக்காட்டியது.

ஆயினும் அரசு வேறு, நிறுவனம் வேறு. பேச்சுரிமை அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் கணிப்பொறிக்குள் புகும் உரிமையைத் தருவதில்லை. விளம்பர அஞ்சல் நிறுவனம் ஒன்றுக்கும் அமெரிக்கா ஆன்லைனுக்கும் நடந்த வழக்கில், 1996-இல் பென்சில்வேனியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. அரசுக்கில்லாத அதிகாரம் நிறுவனத்திற்கு உண்டு என்பதாயிற்று. அதனாலேயே அது நடுநிலையோடு இயங்க வேண்டும். அஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல், பெறுபவர் இசைந்தாரா என்பதை மட்டுமே அது பார்க்க வேண்டும்.

ஒருமுறை, எனக்கு உவப்பான கருத்துடைய அரசியல் அஞ்சல் ஒன்று கேளாமலே வந்தது, மகிழ்ந்து படித்தேன். மறுவாரம் மாற்றுக் கட்சியாரின் அஞ்சல் வந்தது. சினந்து முறையீடு எழுதத் தொடங்கினேன். தொடங்கிய கை நின்றுவிட்டது. முன்னதும் அழையா விருந்துதானே? அன்று நான் காக்க முனைந்தது என் வீட்டு வாயிலை அன்று, என் கட்சியை. எழுதுவதானால் இரண்டின்மீதும் எழுத வேண்டும். அன்றேல் இரண்டையும் பொறுக்க வேண்டும். நிறுவனத்திடம் நாம் எதிர்பார்க்கும் நடுநிலை முதலில் நம்மிடம் இருக்க வேண்டும் அன்றோ?