தகவல் ஒரு வழி, தாள் ஒரு வழி
(பழைய மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்மாபுரத்துக்காரர்களுக்கு முந்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பண்ருட்டிப் பக்கம் உடைபடும் கொட்டையெல்லாம் நம் தோப்பில் காய்த்ததல்ல. ஐவரி கோஸ்ட், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு. அந்த மூட்டை துறைமுகத்தை விட்டு வெளியே வர எத்தனை தாள் வேண்டும் தெரியுமா? இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று, பூச்சி நோய் இல்லையென்று அந்த நாட்டு அரசு தரும் சான்று...

நம் சுங்கத்துறையில் ஈ.டி.ஐ., அதாவது மின்னணுத் தரவுப் பரிமாற்றம், 1995-ல் தில்லியில் முன்னோட்டமாக வந்தது. ஒரு கணினி இன்னொரு கணினிக்கு எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை இந்த இடத்தில், விலை அந்த இடத்தில் என்று வரிசை மாறாது. மனுஷன் படிக்கவே வேண்டாம். சரி, முத்திரையும் கையெழுத்தும் போட்ட சான்றிதழை அதில் எங்கே செருகுவது? ஆகவே தகவல் கம்பியில் போனது, தாள் கட்டு கையில் போனது. ரொம்ப வருஷம் இதே கதைதான்.

அமெரிக்காவின் எக்ஸ்12 தரத்தில், கோப்பின் நீளத்தை முதலில் சொல்லிவிட்டு, கோப்பையே செய்திக்குள் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், இரண்டு பக்கத்திலும் அதற்கேற்ற மென்பொருள் இருக்க வேண்டும். சின்ன வியாபாரிக்குக் கட்டுமா?

நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். 2018-ல் நாடு முழுக்க வந்த 'இ-சஞ்சித்' முறையில், தாளை ஸ்கேன் செய்து, டிஜிட்டல் கையெழுத்திட்டு, பி.டி.எஃப். கோப்பாகத் தனியே ஏற்ற வேண்டும். ஒரு எண் கிடைக்கும். பில் ஆஃப் என்ட்ரியில் அந்த எண் மட்டும் போகும். பெட்டியை ரயிலின் லக்கேஜ் வேனில் போட்டுவிட்டு, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மாதிரி! என்னைக் கேட்டால் இது கெட்டிக்கார யோசனை.

தம்பிகளே, ஒன்று கவனியுங்கள். செய்தியில் 24,000 கிலோ, சான்றிதழில் 23,500 கிலோ என்றிருந்தால், படமாக ஏற்றிய தாளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அதிகாரியின் கண். 2020-லிருந்து முகமறியா மதிப்பீடு வந்துவிட்டது. சென்னைச் சரக்கை வேறு ஊரிலிருக்கும் அதிகாரி பார்க்கலாம். நேரில் போய், "சார், டைப்பிங் மிஸ்டேக்" என்று சொல்ல முடியாது. கேள்வி வரும், பதில் போகும், நாள் ஓடும். டெமரேஜ் ஏறும். இங்கே கொட்டை உடைக்கிற பெண்களோ மூட்டை வந்தால்தான் வேலை என்று உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கேன் பண்ணுவது சின்னப் பையன் வேலை என்று அலுவலகங்களில் நினைக்கிறார்களே, எனக்கு அதில் சம்மதமில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

கோப்பு ஏறிவிட்டதென்று அசலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்க் கரையானுக்கு விதியெல்லாம் தெரியாது. ஒரு இரும்பு பீரோ வாங்கிவிடுங்கள்.