இருதயப் பரீட்சைகளை வாசிக்கும் கலை



பீகாரில் 1934-ஆம் ஆண்டில் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் தன் கட்டடங்களை இழந்து, இரண்டாண்டுகளுக்குப் பின் டில்லிக்குப் பெயர்ந்துவந்த விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனம், தன் பழைய ஊரின் பெயரையும் உடன் கொண்டுவந்ததனால் ஏற்பட்ட பெயர்தான் புசா ரோடு. கரோல்பாக்கை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலையில் டில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் ஒன்றும், 1959-இல் பண்டித நேரு திறந்துவைத்த பி.எல். கபூர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பள்ளிக்குக் குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தமிழர்களில் பலர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், இ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. என்ற காகிதங்கள் அடங்கிய பெரிய உறையுடன் அதே சாலையில் நடக்கிறார்கள். அந்த உறைக்குள் இருப்பதை வாசிப்பது ஒரு கலை என்பதும், அதன் முதற்பாடங்களையேனும் நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது அவசியம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இக்கலை தலைநகரில் வேரூன்றிய வரலாற்றில் நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய பெயர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, ரங்கூனில் வைத்தியம் பயின்று, யுத்தகாலத்தில் கோயம்புத்தூருக்கு வந்துசேர்ந்த அவர், அமெரிக்காவில் ஹெலன் டௌசிக், பால் டட்லி ஒயிட் ஆகிய மேதைகளிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1954-இல் லேடி ஹார்டிஞ்சு வைத்தியக் கல்லூரியில் இருதய நோய்ப் பிரிவையும், மெல்லிய குழாயை ரத்த நாளத்தின் வழியே இருதயத்துக்குள் செலுத்திச் சோதிக்கும் கூடத்தையும் நிறுவினார். நூற்றுமூன்று வயது வாழ்ந்து 2020-இல் அவர் மறைந்தார்.

இக்கலையின் முதற்பாடத்தை நம் பழைய தர்க்கத்திலிருந்தே தொடங்கலாம். நம் தர்க்க சாஸ்திரிகள் அறிவு பிறக்கும் வழிகளைச் சொல்லும்போது, கண்ணால் நேரே காண்பதைப் பிரத்தியட்சம் என்றும், மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று ஊகிப்பதை அனுமானம் என்றும் பிரித்தார்கள். மூடுபனியைப் புகையென்று மயங்கினால் அனுமானம் பிழைபடும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னார்கள். டி.எம்.டி. என்னும் நடைப் பரீட்சை முற்றிலும் அனுமானத்தைச் சார்ந்தது. ஓடும் பட்டையின்மேல் ஒருவரை நடக்கவைத்து, இருதயத்தின் உழைப்பை ஏற்றி, அப்பொழுது இ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்தால், இருதயத் தசைக்குப் போதிய ரத்தம் செல்லவில்லை என்று ஊகிக்கிறார்கள். சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் என்ற வைத்தியர் 1963-இல் வெளியிட்ட முறையே இன்றும் பெரும்பாலும் வழங்குகிறது: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்திலும் நூற்றுக்குப் பத்து என்ற ஏற்றத்திலும் தொடங்கி, மூன்று நிமிஷத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் கூடும்.

அந்த அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் அடியில் உள்ள ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கே பாய்கிறது. மேலே உள்ள எண்களோ அந்தச் சொல்லைவிட அதிகம் பேசுகின்றன. எத்தனை நிமிஷம் நடந்தார், எதனால் நிறுத்தினார், மார்வலி வந்ததா, ரத்த அழுத்தம் ஏறவேண்டிய வேளையில் இறங்கிற்றா, நின்ற முதல் நிமிஷத்தில் நாடித் துடிப்பு பன்னிரண்டுக்கு மேல் குறைந்ததா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒன்பது நிமிஷம் நடந்து முடித்தவருடைய உடம்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவிடும் பிராணவாயுவைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு செலவிட்டிருக்கிறது. அவ்வளவு சக்தியுடையவரின் எதிர்காலம் பொதுவாக நல்லதே. மாறாக, 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கையாவது நாடி எட்டவேண்டும் என்பது வழக்கமாயிருக்க, முழங்கால் வலியினாலோ நாடியைத் தணிக்கும் மாத்திரையினாலோ அதை எட்டாமல் இறங்கிவிட்டவருடைய ‘நெகட்டிவ்’ அறிக்கையை நம்பி நிம்மதி கொள்வதற்கில்லை.

மூடுபனியின் விஷயத்துக்கு வருவோம். பல ஆய்வுகளைத் திரட்டிக் கணித்ததில், இப்பரீட்சை நோயுள்ள நூறு பேரில் சுமார் 68 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் சுமார் 77 பேரை நோயில்லை என்று சரியாகச் சொல்கிறது. இப்பொழுது யாதொரு தொந்தரவுமில்லாத நூறு பேரை, அவர்களில் ஐவருக்கே நோய் இருப்பதாக வைத்துக்கொண்டு, பட்டையில் ஏற்றிப் பாருங்கள். நோயுள்ளவர்களில் மூன்று நான்கு பேருக்குப் ‘பாசிட்டிவ்’ வரும். நோயில்லாத தொண்ணூற்றைந்து பேரில் இருபத்திரண்டு பேருக்கும் அதே சொல்தான் வரும்! பெண்களிடத்தில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். ஆகவே, தொந்தரவு எதுவும் இல்லாத ஒருவர் ‘முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் இதைச் செய்துகொண்டு, வந்த ஒற்றைச் சொல்லால் குடும்பமே இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடும் அறுபது வயது சர்க்கரை நோயாளிக்கு அதே சொல் வருமாயின், அதன் பொருள் வேறு, அங்கே தாமதிக்கலாகாது.

ஒலியலையைக் கொண்டு இருதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ‘ஈ.எஃப். 60 சதவீதம்’ என்று கண்டதும், இருதயம் நூற்றுக்கு அறுபது பங்குதான் வேலை செய்கிறது என்று பதறுகிறார்கள். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பங்கே அந்த எண். 55 முதல் 70 வரை ஆரோக்கியமான அளவுதான். ஆனால் ஓய்வில் எடுத்த எக்கோ சுத்தமாக இருப்பதால் ரத்தக் குழாயில் அடைப்பில்லை என்று முடிவுசெய்யவும் கூடாது. அதற்காகவே உழைப்பின்போதும் ஓய்வின்போதும் இருமுறை படம் பிடிக்கும் அணுமுறைப் பரீட்சை இருக்கிறது. உழைப்பில் மாத்திரம் தோன்றி ஓய்வில் மறையும் குறை ரத்தப் பற்றாக்குறையையும், இரண்டிலும் நிற்கும் குறை பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பையும் காட்டும்.

பிரத்தியட்சமாகக் குழாயையே காட்டும் ஆஞ்சியோகிராம் இருக்க, இந்த அனுமானங்கள் எதற்கு என்று கேட்கலாம். குறுகலைக் கண்ணால் காண்பது வேறு, அதனால் உயிருக்கு அபாயம் எவ்வளவு என்று அறிவது வேறு. இந்தியா உள்பட 37 நாடுகளில், உழைப்புப் பரீட்சையில் கணிசமான பற்றாக்குறை கண்ட 5179 பேரிடம் நடத்தி, 2019-இல் முடிவு அறிவித்த ஆராய்ச்சியில், உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வரை சென்றவர்களுக்கும், முதலில் மருந்தைக்கொண்டே சிகிச்சை பெற்றவர்களுக்கும், மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. வலியின் தொல்லை மிகுந்தவர்களுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சையால் வலி தணிந்தது. இடது பிரதான நாளத்தில் பெருங்குறுகல் உடையவர்களையும், இருதயத்தின் சக்தி மிகக் குன்றியவர்களையும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. நிதானமான நோயாளி ‘இன்றே செய்தாக வேண்டுமா, மருந்தில் தொடங்கலாமா’ என்று வைத்தியரைக் கேட்பதற்கு அந்த ஆராய்ச்சி முழு நியாயம் தருகிறது.

இந்தப் பரீட்சைகள் எவையும் நாளைய தினத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. மாரடைப்பு பல சமயங்களில், குறுகல் அதிகமில்லாத இடத்தில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதனால் நேர்கிறது. நடைப் பரீட்சைக்கு அத்தகைய திட்டு அகப்படுவதில்லை. அதிலும் நம் பிரதேசத்து மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தியே வருகிறதென்று 2004-இல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி காட்டிற்று. ஆதலால் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுமாயின், போன மாதத்து ‘நெகட்டிவ்’ காகிதத்தை அலமாரியில் தேடிக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்; அங்கே பட்டையில் நடக்கவைக்க மாட்டார்கள், பத்து நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து, டிரோபோனின் என்ற ரத்தப் பரீட்சையைச் செய்து, தேவையானால் சில மணி நேரத்தில் அதை மறுபடியும் செய்து பார்ப்பார்கள்.