நினைவிழந்த தந்தையின் பங்கு

 

ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடி செல்லும் வீதியில் சித்தாண்டியைக் கடந்திருப்பீர்கள். அப்பக்கத்து வயற்காணி ஒன்றைப் பற்றிய பிணக்கு அண்மையில் என்னிடம் வந்தது. உரியவர் வஸிய்யத் எதுவும் செய்யாமல் மௌத்தாகிவிட்டார். மனைவியும் இரு பெண்பிள்ளைகளும் இருக்கின்றனர். தாயார் முன்னரே காலமாகிவிட்டார். தந்தையோ பெற்ற மக்களையே இனங்காண இயலாதவாறு நினைவு மங்கி, இளைய மகனின் வீட்டில் படுக்கையில் இருக்கிறார்.

"மாமாவுக்கு ஒன்றும் விளங்காதே, அவருக்கு எதற்குப் பங்கு?" என்று கேட்டார் விதவை. "வாப்பாவைப் பார்ப்பது நாங்கள். அவர் பங்கை எங்கள் பெயருக்கு எழுதுங்கள்" என்றனர் மரணித்தவரின் சகோதரர்கள். இரு சாராருமே தவறினர்.

வஸிய்யத்தின்றி மரணிக்கும் முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே சேர வேண்டுமென 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம், 12ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுக்கின்றன. ஜனாஸாச் செலவையும் கடனையும் தீர்த்தபின் எஞ்சுவதை 24ஆகப் பிரித்தால் மனைவிக்கு 3, மகள்மாருக்கு 16, தந்தைக்கு ஆறிலொன்றாகிய 4. மிஞ்சும் 1 அஸபா என்ற வகையில் தந்தைக்கே. ஆக அவருக்கு 5. தந்தை உயிருடன் இருக்கையில் சகோதரர்களுக்கு எதுவுமில்லை. புத்தி பேதலித்தவரும், பாரிசவாதத்தில் வீழ்ந்தவரும் வாரிசுதாரரே.

உடல் மட்டும் செயலிழந்து அறிவு தெளிவாக இருப்பவர் தம் பங்கைத் தாமே ஆளலாம். அறிவை இழந்தவரின் நிலை வேறு. அவரது பெருவிரலைப் பிடித்து உறுதியில் பதிப்பது ஷரீஅத்தில் செல்லாது. அது அபகரிப்பு. ஷாபிஈ மத்ஹபில், மகன் என்பதனால் மட்டும் தந்தையின் சொத்துக்கு ஒருவர் பொறுப்பாளராகிவிடார். நீதிபதியே நியமிக்க வேண்டும். எமது நாட்டில் காதி நீதிமன்றம் விவாகம், விவாகரத்து விடயங்களையே பார்க்கிறது. எனவே மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும். பலரும் காதியாரிடம் அலைந்து நாட்களை வீணாக்குகின்றனர்.

பொறுப்பாளர் அவ்வயலின் குத்தகையைத் தந்தையின் மருந்துக்கும் உணவுக்கும் பராமரிப்புக்குமே செலவிட வேண்டும். கணக்கும் வைக்க வேண்டும். அவர் ஏழையாயின், அநாதையின் பொறுப்பாளரைப் போன்று, நியாயமான அளவு பெறலாம்.

விதவையின் அச்சம் வேறொன்று. பாட்டனார் மரணித்தால் அந்த 5 பங்கும் உயிருடனுள்ள அவரது மக்களுக்கே போகும். மகன் இருக்கையில், மரணித்த மகனின் பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். அறிவு தெளிந்திருந்த நாளில் அவர் பேத்திமாருக்கு மூன்றிலொன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்திருக்கலாம். இப்போது அவரால் இயலாது. அப்பங்கு தம் கைக்கு வரும் நாளில் சிறிய தந்தைமார் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே உண்டு. பங்கீட்டின்போது வந்திருக்கும் உறவினருக்கும் அநாதைகளுக்கும் வழங்குமாறு அதே அத்தியாயத்தின் 8ஆம் வசனம் பணிப்பதை அவர்களிடம் எடுத்துரைத்தேன். மூத்தவர் மௌனமாக இருந்தார். இளையவர் மருந்துச் சிட்டைகளைச் சேர்த்துவைக்கத் தொடங்கியிருக்கிறார். நீதிமன்றத்தில் மனுச் செய்வது யார் என்பதே இப்போதைய பேச்சு.